மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரம்

தொண்ணூற்று நான்காம் வருடம், மாசி மாதம். காலை ஆறு மணிக்குப் பேட்டையிலிருந்து வாடகை அம்பாசிடரில் கிளம்பினேன். திருவனந்தபுரம் விமான நிலையம் நூற்று அறுபது கிலோமீட்டர். போக வர ஆயிரம் ரூபாய் பேச்சு. என் மகள் செல்வி ஏழு மாதக் கர்ப்பத்தோடு தலைப்பிரசவத்துக்கு மஸ்கட்டிலிருந்து தனியாக வருகிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை.

முந்தின நாள் போனில், "பதினோரு மணிக்கு ஏறுதேன்பா" என்றாள். அதோடு லைன் போய்விட்டது. எப்போது இறங்குவாள் என்று நானே கணக்குப் போட்டேன். ஆறாம் வகுப்போடு லேத் பட்டறைக்கு வந்தவன் என்றாலும் கூட்டல் வரும். போன வருடம் இங்கே காலை எட்டு மணிக்கு ஏறினாள். பத்து மணிக்கு இறங்கிவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தாள். ஆக, இரண்டு மணி நேரம். இப்போது ஒரு மணிக்கு வந்துவிடுவாள். தூரத்தையும் விடவில்லை. அட்லஸில் நூல் வைத்து அளந்தேன். இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வந்தது. அப்படியானால் மணிக்கு ஆயிரத்து முந்நூறா? நூல்தான் சரியாக நிற்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

வள்ளியூரில் டீ குடித்தோம். எனக்கு இறங்கவில்லை.

"பிளேன்ல வாற பிள்ளை நிம்மதியா வரும் அண்ணாச்சி. நீங்க கார்ல இருந்துக்கிட்டு இப்படி வேர்த்து ஒழுகுதியளே" என்றார் டிரைவர் சுடலை.

பதினொன்றரைக்கு விமான நிலையம். ஒரு மணி ஆயிற்று. வானத்தில் காக்கைதான் பறந்தது. ஒன்றரைக்கு வாசலில் நின்ற காவலரிடம் மஸ்கட் விமானம் பற்றிக் கேட்டேன். "கரெக்ட் டைம்" என்றார். எந்த டைம் என்று கேட்கப் பயந்து திரும்பிவிட்டேன். அரை மணி நேரம் தாமதமான விமானத்தைச் சரியான நேரம் என்கிறார்களே, எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். என் மனைவியிடம் என்ன சொல்வது என்பதுவரை மனம் போய்விட்டது.

பக்கத்தில் மணப்பாட்டுப் பெண்மணி ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கணவர் மஸ்கட் துறைமுகத்தில் வேலை. அதே விமானத்தில் வருகிறாராம். என் கைக்கடிகாரத்தில் இரண்டு மணி. அவர் கடிகாரத்தில் பன்னிரண்டரை.

"தங்கச்சி, உங்க வாட்ச் நின்னு போச்சு."

"ஓடுது அண்ணாச்சி. இது மஸ்கட் மணி. அவுக எப்பச் சாப்பிடுதாக, எப்பத் தூங்குதாகன்னு எனக்குத் தெரியணும்லா. அங்கன நம்மளவிட ஒண்ணரை மணி பின்னால."

நூலில் அளந்த தூரத்தையும் சேர்த்து என் கணக்கைச் சொன்னேன். சுடலையும் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார்.

"ஏறுன எட்டு நம்ம மணி. இறங்குன பத்து அவுக மணி, நமக்குப் பதினொண்ணரை. மூணரை மணி நேரம்லா ஓட்டம். இன்னைக்கு உங்க மக ஏறுன பதினொண்ணு நமக்குப் பன்னிரண்டரை. மூணரையைக் கூட்டுங்க."

நாலு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கொடுத்த ஆரஞ்சுச் சுளைகள் முழுவதையும் தின்றேன். காலையிலிருந்து உள்ளே இறங்கிய முதல் ஆகாரம் அதுதான்.

"அப்பம் பிள்ளை மணிக்கு எழுநூத்துச் சொச்சத்துலதான் வருது. போலீஸ் பிடிக்காது" என்றார் சுடலை.

நாலு பத்துக்கு விமானம் இறங்கியது. ஐந்து மணிக்குச் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வி வந்தாள். முகம் வாடியிருந்தது, நடை நன்றாக இருந்தது.

"எப்பம்பா வந்தீங்க?"

"இப்பத்தாம்மா."

சுடலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

களியக்காவிளை தாண்டி ஒரு பள்ளத்தில் கார் குதித்தது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இருந்து உதைக்குதான்பா" என்று சிரித்தாள். நான் சுடலையிடம், முப்பதுக்கு மேல் போக வேண்டாம், பையப் போங்கள் என்றேன்.

"பேட்டை சேர ராத்திரி பதினோரு மணி ஆயிருமே அண்ணாச்சி."

"ஆகட்டும்" என்றேன்.