எலுமிச்சம்பழம் ஏறாத லாரி

போன ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டோடு உட்கார்ந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, செத்த வந்துட்டுப் போடா. உங்க அத்தான் லாரியப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்காரு."

அத்தானுக்கு இரண்டு லாரிகள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு கேரளா போகிறவை. லாரி படுத்துவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பத்தி எழுதுகிறவன் எதற்கு?

போய்ப் பார்த்தால்... வாசலில் கிடந்தது முழங்கை நீள லாரி! ரிமோட்டில் ஓடுவது. நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். துபாயிலிருந்து அவர் மகன் பிரபு, நண்பனிடம் கொடுத்தனுப்பியது.

பிரபு பாலக்காட்டுப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன். அன்றிலிருந்து அத்தான் அவனோடு பேசுவதில்லை. தினமும் கேரளாவுக்குத் தக்காளி அனுப்புவார். அங்கிருந்து மருமகள் மட்டும் வரக் கூடாதாம்! மகன் அனுப்பிய வாட்ச், சென்ட் எல்லாம் பிரிக்காமலே பீரோவில் கிடக்கின்றன. பையன் இந்தத் தடவை லாரியை அனுப்பிவிட்டான். லாரிக்காரரால் சும்மா இருக்க முடியுமா? கவிழ்த்துப் போட்டு அடியில் பார்த்துவிட்டார்.

அடுத்த மாதம் பிரபுவும் அந்தப் பெண்ணும் லீவில் வருகிறார்கள். வீட்டுக்குள் விடுவாரா, இல்லை லாட்ஜில்தான் தங்க வேண்டுமா? அக்காவுக்கு இதே கவலை. எனக்கோ... அப்பன் சொன்னதை மகனிடமும் மகன் சொன்னதை அப்பனிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

புது வண்டி வந்தால் அத்தான் கம்பெனி ஆயிலை நம்ப மாட்டார். வடித்துவிட்டுத் தன் கையால் ஊற்றினால்தான் திருப்தி. இதிலும் முன், நடு, பின் என்று மூன்று டிஃபரன்ஷியலையும் திறந்து, உள்ளே தேன் மாதிரி இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு, லாரிக்கு ஊற்றும் தொண்ணூறாம் நம்பர் ஆயிலை நிரப்பிவிட்டார். டிஃபரன்ஷியல் என்பது வளைவில் ஒரு சக்கரம் மெதுவாகவும் மறு சக்கரம் வேகமாகவும் சுற்ற வழிவிடுகிற பல்சக்கரக் கூடு. இந்தக் குட்டி லாரியில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. லேசானால் தரையைத் தொடாத சக்கரம் மட்டும் சுற்றும்; ரொம்பக் கெட்டியானால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்புறம் பூஜை. சந்தனம், குங்குமம், டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம். இத்துனூண்டு லாரி பழத்தை நசுக்குமா? ஏறி இறங்கினால் போதும் என்று அவரே சலுகை கொடுத்தார். ரிமோட்டை அமுக்கினார். பழத்தில் தொற்றித் தூக்கிக்கொண்ட சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது. மற்ற மூன்றும் அப்படியே நின்றன.

"பழத்துல ஏறாத வண்டி வெளங்குமா மாப்ள?" அத்தான் முகம் வாடிவிட்டது.

மூன்று கூட்டையும் பிரித்து கிரீஸை அடைத்தார். இப்போது ஏறி இறங்கியது. ஆனால், திரும்பவில்லை! ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தாலும் நேராகப் போய்த் துவைக்கிற கல்லில் முட்டியது.

"ஓட்டுறவுக மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

அத்தான் என்னைப் பார்க்காமலே, "அவன்ட்ட கேளு" என்றார்.

போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான் பிரபு.

"மாமா, தொண்ணூறு ஊத்திட்டாரா?" நான் சொல்வதற்கு முன்பே கேட்டான். மகனல்லவா! "அதுக்கு சிலிக்கான் ஆயில் மாமா. பெட்டிக்கு அடில மூணு பாட்டில் இருக்கு. முன்னாடி கெட்டி, நடுவுல அதவிடக் கெட்டி, பின்னாடி லேசு."

சொன்னேன். "நடுவுல எதுக்குக் கெட்டின்னு கேளு" என்றார் அத்தான். கேட்டேன். அவன் சொன்னதை இவரிடம் சொன்னேன். "வாய் வரைக்கும் ரொப்பணுமான்னு கேளு."

கூட்டுக்குள் மாட்டிய பல்சக்கரத்துக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்? அதைத்தான் நானும் சொன்னேன்.

"நீங்களே பேசிக்கங்க. என்னால முடியல."

போனை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். அத்தான் அதைத் தொடவில்லை. போனுக்குள்ளேயிருந்து சின்னக் குரலில் "அப்பா... அப்பா..." என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

மெதுவாக எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏலே... வாய் வரைக்கும் ரொப்பணுமாடா?"

அவ்வளவுதான். அதன்பிறகு நான் தேவைப்படவில்லை. பிரபு அன்று ஆபீஸ் போனானா என்பதும் தெரியாது.

சாயங்காலம் மூன்று கூட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் மாற்றிப் பூட்டினார். வண்டி பழத்தில் ஏறி இறங்கி, கல்லைச் சுற்றி அழகாக வளைந்து வந்தது. எல்லாச் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும் என்றால் எந்த வண்டியும் திரும்பாது. இதைத்தானே இத்தனை நாளாக இவரிடம் சொல்லி வந்தேன்... ஆயில் சொன்னால்தான் கேட்பாரா?

அவரே நம்பர் கேட்டு போன் போட்டார். "திரும்புதுடா" என்றார். துண்டால் லாரியைத் துடைத்தார்.

"சரி... அந்தப் புள்ளைக்கு சோத்துக்கு என்ன வெஞ்சனம் புடிக்கும்னு உங்கம்மாட்ட சொல்லிரு. வர்றப்ப செஞ்சு வைக்கணும்ல."

அக்கா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போனே வரவில்லை. நிம்மதியாக இட்லி சாப்பிட வேண்டியதுதானே? முடியவில்லை. நானே அக்கா வீட்டுக்கு போன் செய்தேன்.

"அவரு உன் மருமகன்கூடப் பேசப் போறாருடா... லைன் வேணுமாம். நீ போனை வையி!"