உறைக்கு மேல் ஓர் உறை

பணி ஓய்வு பெற்ற கையோடு நானும் என் மனைவியும் ஒரு பிக்அப் வண்டி வாங்கி, அதன் கூரைமேல் மடக்கி விரிக்கும் கூடாரம் ஒன்றைப் பொருத்தினோம். யோசனை அவளுடையது. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் கூடாரம் எங்களைக் காக்கும் என்றார் விற்றவர். வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் கூடாரத்தைக் காக்க ஓர் உறை வேண்டும் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொன்னார். கூடாரம் ஏறிய வண்டி எங்கள் வரிசை வீட்டின் போர்ச்சுக்குள் நுழையாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு நாங்களே கண்டுபிடித்தோம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவனுக்கு, வாங்குமுன் ஓர் அளவுநாடாவை எடுக்கத் தோன்றவில்லை. வண்டி தெருவில், மேற்கு வெயிலில் நின்றது.

நான்கு முறை பயணம் போனோம். கடைசியாக மெர்சிங் கடற்கரையில், கிளம்பும் காலையில், அவள் கூடாரத்தை மடித்தாள். நான் கையேட்டை உரக்க வாசித்தேன். அதற்கு இரண்டாம் மாதம் அவள் இறந்துபோனாள். ஓராண்டுக்கு உல்லாசப் பயணம் கூடாது என்று அவளுடைய அக்காள் சொன்னார். சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஒன்றை மட்டும் பிசகாமல் கடைப்பிடித்தேன். கூடாரத்தை விரித்தால் அவள் மடித்த மடிப்பு கலைந்துவிடும், அவ்வளவுதான் காரணம்.

ஆகவே உறையைக் காப்பது என் அன்றாடப் பணியாயிற்று. புறஊதாக் கதிர் பட்டால் பிளாஸ்டிக் பூச்சு எப்படிச் சிதையும் என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன். உறை அந்தப் பாடத்தைக் கவனமாகக் கேட்ட மாணவனைப் போல நடந்துகொண்டது. முதலில் கருமை வெளுத்தது. பிறகு தொட்டால் விரலில் வெண்பொடி ஒட்டியது. மூலைகளில் மயிரிழை வெடிப்புகள் தோன்றின. வாரந்தோறும் பாதுகாப்புத் திரவம் தடவினேன். வெடிப்புகளின்மேல் ஒட்டுத்துணி வைத்தேன். கடைசியில் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கி உறைக்கு மேல் போர்த்தி, காற்றுக்கூடப் புகாதபடி கயிற்றால் கட்டினேன்.

"என்ன சார், பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கடை போடப் போறீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இன்னும் லைசன்ஸ் கிடைக்கவில்லை" என்றேன்.

ஓராண்டு முடிந்தது. நான் அதைக் கவனிக்காதவனைப் போல இருந்தேன். ஒருநாள் கயிற்றை இன்னும் சற்று இறுக்கியபோது, அடியில் உறையின் தையல் ஒரு பக்கம் முழுவதும் விட்டுப்போனது. வெயில் செய்யாததை நான் செய்து முடித்தேன்.

ரெங்கம் என்ற ஊரில் லோரிகளுக்குக் கென்வஸ் துணி தைக்கும் பெண்மணி ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள்; வண்டியை அங்கே ஓட்டிச் சென்றேன். ஐம்பது வயதிருக்கும். வண்டிமேல் ஏறி விரிப்பை அவிழ்த்தவர் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அலமாக்! யாரு சார் இப்படிக் கட்டி வச்சது?"

"நான்தான்."

"வெயிலு மேல்தோலைத்தான் திங்கும். நீங்க உள்ள வச்சு வேக வச்சிட்டீங்க! பூசணம் நாறுது. தொறந்து காய வைக்கணும்."

"திறக்க வேண்டாம். உறையை மட்டும் தையுங்கள்."

"முடியாது லா சார். அழுகுறதுக்கு மேல புதுத் தையல் போட்டா என் பேருதான் கெடும்."

"என் மனைவி மடித்தது. இப்போது இல்லை."

அவர் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டார். பிறகு சொன்னார்: "அவங்க இதைப் பாத்திருந்தா உங்களை நல்லா ஏசியிருப்பாங்க சார்."

அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. அவர் இறங்கியதும் உறையைக் கழற்றி, கூடாரத்தை விரிக்கும் ஏணியை நானே பிடித்து இழுத்தேன். ஓராண்டுக்கு மேல் காத்த மடிப்பு ஒரு நொடியில் நிமிர்ந்தது. மெத்தையெங்கும் கரும்புள்ளிகள். வினிகர் கலந்த நீரால் இருவரும் துடைத்தோம். பிறகு கூடாரத்தை உலர்த்தவேண்டி, இதுநாள்வரை நான் பகைத்துக்கொண்டிருந்த அதே வெயிலுக்காகக் காத்திருந்தேன். அது பெருந்தன்மையோடு வந்தது.

அதற்குள் அவர் உறையைத் தைத்துவிட்டார்; பழைய நூலெல்லாம் உருவி, வெயில் தாங்கும் தடித்த நூலால் இரட்டைத் தையல். பிற்பகலில் கூடாரத்தை மடித்தோம். உறையைப் போட்டோம். ஜிப் சேரவில்லை, நான்கு விரல் இடைவெளி. பிரித்து மறுபடி மடித்தோம். மூன்றாம் முறை மெத்தைமேல் அவரே ஏறி உட்கார்ந்து அழுத்தினார். நான்கு விரல் அப்படியே இருந்தது.

"உறை சுருங்கியிருக்குமோ?" என்றேன்.

"நான் அளந்துதான் தச்சேன். கவர் அதே சைஸுதான். முன்ன எப்படி சார் மூடுச்சு?"

"மடித்தது அவள். நான் கையேட்டைத்தான் வாசித்தேன்" என்றேன். அவர் உறையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"சுத்தி ஒரு பட்டி சேத்துத் தைக்கட்டா? கலரு மட்டும் ஒத்து வராது. பச்சைதான் இருக்கு."

"நாளைக்கு நான் தனியாக மடித்தாலும் சேர வேண்டும்" என்றேன்.

"அப்போ ஆறு விரலு வைக்கிறேன்" என்று அளவுநாடாவை எடுத்தார்.