ஒரு கூலிக்கு இரண்டு ஆள்

ஓஸ்வால்ட் லாரியை விட்டு இறங்கியது 1924இல். மறுபடி ஏறியது 1931இல். நடுவில் இருந்த ஏழு வருஷம்தான் தான் மனுஷனாக இருந்த காலம் என்று சொல்லுவான்.

ஸ்டியரிங் பிடிக்கப் பட்டாளம் கற்றுக்கொடுத்தது. பஸ்ரா மணலில் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, மலேரியாவோடும் ஒரு நன்னடத்தைச் சீட்டோடும் பெங்களூர் திரும்பினான். கன்டோன்மென்டில் லாரி ஓட்டினான். முதுகு போயிற்று. ராத்திரி பகல் தெரியாத பிழைப்பு வேண்டாம் என்று பெண்டாட்டி பவுலின் பிடிவாதம் பிடித்ததால் பஞ்சு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தான். பவுலினின் அண்ணன் தியோடர் அதே மில்லில் தறி ஓட்டினான். இரண்டு குடும்பமும் நீலசந்திராவில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குடியிருந்தது. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயில், மாட்டுக்கறி. இதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்டதில்லை.

1931இல் துணி விற்கவில்லை. மில்காரன் ஒரு ஷிப்டை மூடிவிட்டுப் பெயர்ப் பட்டியலை கேட்டில் ஒட்டினான். மச்சான், மாப்பிள்ளை இரண்டு பேரும் ஒரே தாளில் இருந்தார்கள்.

ஆறு மாசம் அலைந்தான். லாரிகளும்தான் சும்மா நின்றன. ஒரு வண்டிக்குப் பத்து டிரைவர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் சூளைப் பக்கம் ஷெட் வைத்திருந்த வரதப்ப முதலியார் கூப்பிட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து புளியும் புண்ணாக்கும் ஏற்றி வர வேண்டும். ஆனால் கிளீனருக்குச் சம்பளம் கிடையாது. சிக்கனத்துக்காக எல்லாக் கிளீனர்களையும் அவர் நிறுத்தியிருந்தார்.

"எனக்கு வேண்டியது டிரைவரு. கட்டை போட ஆள் வேணும்னா உன் வூட்லருந்து கூட்டிக்கினு வா" என்றார்.

கட்டை போடுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து லாரிக்கு பிரேக் என்பது பெயருக்குத்தான். பாரத்தோடு மேடு ஏறும்போது இஞ்சின் நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளும். உருளாமல் இருக்க ஒருவன் முட்டுக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்து, நின்ற கணத்தில் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். அவன் இல்லாத லாரி மேட்டில் ஏறக் கூடாது.

ஓஸ்வால்ட் தியோடரைக் கூட்டிக்கொண்டு போனான். கிடைக்கிற ஒரு சம்பளத்தை இரண்டு வீடும் பாதியாகத் தின்றது. தியோடருக்கு இதிலும் கேலி. "மில்லுல நின்னேன், சம்பளம் எனக்கு வந்துச்சு. இங்க ஓடறேன், சம்பளம் மாப்ளைக்குப் போவுது" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

நான் அப்போது டிரைவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். முதலாளி கூலி கொடுக்கும் கிளீனர் இல்லாமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். கிளீனர் இல்லாத இரண்டு வண்டிகள் அந்த வருஷம் உருண்டிருந்தன. ஓஸ்வால்ட் அந்த முடிவை உடைத்தான். அடுத்த மாசமே இன்னும் மூன்று முதலாளிகள் கிளீனர்களை நிறுத்தினார்கள். "ஓஸ்வால்ட் மச்சானைக் கூட்டிவரவில்லையா? உனக்கு மச்சான் இல்லையா?" என்று கேட்டார்களாம்.

நான் அரைத் தாளில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'ஒரு கூலிக்கு இரண்டு ஆளைக் கொடுப்பவன் நம்மவன் அல்ல. அவன் வண்டி நின்றால் நம் வண்டி நிற்க வேண்டாம்.' கீழே ஓஸ்வால்டின் பெயரும் வண்டி நம்பரும் போட்டு, அச்சடித்து டோல்கேட்டிலும் ஓசூர் பெட்ரோல் கடையிலும் கொடுத்தோம். சிலர் லாரிக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த இரண்டாவது வாக்கியம் சின்ன விஷயம் இல்லை. மேட்டில் ஒரு லாரி நின்றுவிட்டால் எதிரே வருகிறவனோ பின்னால் வருகிறவனோ நிறுத்தி, தன் கிளீனரை இறக்கிக் கல் போடச் சொல்லுவான். யார் வண்டி, யார் சரக்கு என்று கேட்க மாட்டான். சங்கம் வருவதற்கு முன்பே ரோட்டில் இருந்த வழக்கம் அது. அதைத்தான் நான் ஒரு ஆளுக்கு மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

ஓஸ்வால்ட் நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"அண்ணே, இது நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றேன். இறங்கிவிடு, நோட்டீசை வாபஸ் வாங்குகிறேன் என்றேன்.

"எறங்கினா ரெண்டு வூட்ல அடுப்பு எரியாது. நீங்க வந்து ஊதுவீங்களா?"

நாற்பது வீட்டு அடுப்பை நான் பார்க்க வேண்டும் என்று பதில் சொன்னேன். எனக்கு அது சரியான பதிலாகத்தான் தோன்றியது.

"வேல இல்லன்னு மில்லுகாரன் சொன்னான். மேட்ல நின்னா சாவுன்னு நீங்க சொல்றீங்க. அவன் நோட்டீசுலயும் என் பேர் இருந்துச்சு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

1932, மார்ச். சூளகிரிக்கு முன்னால் மேலுமலை ஏற்றம். மத்தியானம் மூன்று மணி. வண்டி நிறையப் புளி மூட்டை. இரண்டாவது வளைவில் தண்ணீர் கொதித்து இஞ்சின் நின்றது. தியோடர் கட்டையைப் போட்டான். பழைய கட்டை, பாரம் தாங்காமல் இரண்டாகப் பிளந்தது. பாதி சக்கரத்தின் அடியில் நின்றது. மீதியை அவன் காலால் உதைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றான். ஓஸ்வால்ட் பிரேக்கின் மேல் எழுந்து நின்றான். கைப் பிரேக் தேய்ந்தது. கியரில் போட்டாலும் அது துள்ளி விடுபட்டுவிடும். அவன் காலை எடுத்தால் வண்டி உருளும். இவன் காலை எடுத்தாலும் உருளும். கல் ரோட்டோரத்தில் பத்தடி தள்ளிக் கிடந்தது. அதை எடுத்துப் போட மூன்றாவது ஆள் ஒருவன், ஒரு நிமிஷம் வேண்டும். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு லாரி இறங்கியது. நோயலுடையது. எங்கள் சங்கத்து ஆள். கிளீனர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஓஸ்வால்ட் கையை வெளியே நீட்டி ஆட்டினான். நோயல் வேகத்தைக் குறைத்தான். கிளீனர் கதவில் கை வைத்தான். வண்டி நம்பரைப் பார்த்ததும் நோயல் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பின்னால் மச்சான் இருக்கிறானா என்று ஓஸ்வால்ட் குரல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். இருக்கிறேன் என்று பதில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அரைமணிக்கு மேல் ஆயிற்று. மலேரியா தின்ற கால், முறிந்த முதுகு. தொடை நடுங்க ஆரம்பித்தது.

"மச்சான், வுட்டுட்டு ஓடிடு. வண்டி போனா போவட்டும்."

"வண்டி போனா வேலயும் போவும், மாப்ளே. புடி."

ஓஸ்வால்டின் கால் வழுக்கியது. அவன் மறுபடி மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. லாரி வளைவுச் சுவரில் முட்டி நின்றது. அதற்குப் பெரிய சேதம் இல்லை.

ஓஸ்வால்ட் போலீசில் சொன்னதும் நோயல் என் அறையில் வந்து சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. நோயல் குடித்திருக்கவில்லை, அழவும் இல்லை. நிற்க வேண்டாம் என்று நீங்கள் எழுதினீர்கள், நான் நிற்கவில்லை என்றான். அந்த வாரமே கூட்டம் போட்டு நோட்டீசை வாபஸ் வாங்கினோம். கை தூக்காதவன் ஒருவனும் இல்லை. ஓஸ்வால்ட் வரவில்லை.

தியோடரின் அடக்கத்துக்குப் போனேன். பவுலின் கல்லறைத் தோட்ட வாசலில் என்னைத் தடுத்தாள். உள்ளே அண்ணன் பெண்டாட்டி இருக்கிறாள், நீங்கள் வர வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் வெளியிலேயே நின்றேன்.

பதினோராம் நாள் ஓஸ்வால்ட் மறுபடி லாரி ஏறினான். தின்கிற வாய் ஒன்று குறைந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் உழைக்கிற ஆள் இனி அவன் மட்டும்தான். இந்த முறை பின்னால் ஓட யாரையும் கூட்டிப்போகவில்லை. மேலுமலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு லாரி வரும் வரை காத்திருப்பான். வருகிறவன் தன் கிளீனரை இறக்கி, மேலே போகும் வரை ஓஸ்வால்ட் வண்டியின் பின்னால் கட்டையோடு நடக்கவிடுவான். எல்லாரிடமும் அந்த உதவியை வாங்கிக்கொண்டான். நோயல் வந்தால் மட்டும் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றான். ஒரு நாள் நாலு மணி நேரம் நின்றானாம்.

சரக்கு தாமதமாக வருகிறது என்று முதலியார் கேட்டார். ஓஸ்வால்ட் காரணம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கிளீனர் போட்டிருக்க மாட்டார். ஜூலையில் அவனை நிறுத்திவிட்டு வேறு டிரைவரைப் போட்டார். அந்த ஆள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.