எட்டாவது என்ஜினின் பட்டன்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். நான் எலக்ட்ரீஷியன். ஒரு மருத்துவமனையில் ஃபியூஸ் போட்டே தலை நரைத்தவன். பிணவறையில் பல்பு மாற்றிவிட்டு, அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கிறேன். வயரும் கரண்டும் இல்லாமல் எதுவும் எரியாது, எதுவும் கத்தாது. அதுதான் என் மதம். அந்த மதத்திலிருந்து ஒரே சாயங்காலத்தில் என்னைத் துரத்தியது ஒரு செத்த என்ஜின். இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. தம்பியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

எனக்கும் தம்பிக்கும் ரயில் பைத்தியம். அதிலும் சரக்கு வண்டி இழுக்கும் பழைய டீசல் என்ஜின் என்றால் உயிர். எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. தலைவர் சலூன்கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டு, ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த என்ஜின் என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு ஹாரன் என்றே பட்டப்பெயர். சரக்கு வண்டி வரும் சத்தம் கேட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ரயில்வே கேட்டுக்கு ஓடிவிடுவார். முகத்தில் நுரையோடு, பாதி மீசையோடு அவர் கடையில் காத்துக் கிடந்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

பழைய டீசல் என்ஜின்கள் அத்தனைக்கும் ஓய்வு கொடுத்து உடைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் சலூனில் ஒரே ரகளை.

"மாடா உழைச்சதுக்கு இதான் மரியாதையா?" என்றார் ஹாரன்.

"புகை கக்குது, எண்ணெய் குடிக்குது, நடுவழில மக்கர் பண்ணுது. எத்தனை நாளைக்குண்ணே கட்டி அழுறது?" என்றேன்.

"உனக்கு வயசானா உன்னையும் எடைக்குப் போட்டுடலாமா?"

"அண்ணனைப் போட்டா வாய் மட்டும் தனி விலைக்குப் போகும்ணே," என்றான் தம்பி.

அவன் அப்படித்தான். சிரிக்காமல் காலை வாருவான். ரயில் டிரைவர் பரீட்சையில் அப்போதுதான் தேறியிருந்தான். அடுத்த மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டில்தான் நாள் முழுக்கப் பழகுவான். நானே அதற்கு ஒரு பலகையில் சிவப்பு பட்டன் வைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிஜ என்ஜினிலும் அது உண்டு. டிரைவர் விழித்திருக்கிறாரா என்று என்ஜின் கேட்கும் கேள்வி அது. நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' என்று கத்தும். டிரைவர் உடனே பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால், நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும். தம்பி அதில் எப்படி ஊறிப்போனான் என்றால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பீப் கேட்டாலும் அவன் இடது கை தானாகப் போகும்.

"அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்கடா! தூக்கத்துலகூட பீப்பு பீப்புன்னு கேக்குது," என்று அம்மா கத்துவாள்.

என்ஜின்களைப் பழுது பார்க்கும் ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கும் மெக்கானிக், ஹாரனின் வாடிக்கையாளர். உடைப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த என்ஜின்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அவர்தான் எங்களை உள்ளே விட்டார். "ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன். போட்டோ எடுத்துக்கங்க. மேல மட்டும் ஏறாதீங்க," என்று சொல்லிவிட்டு, வாக்கிடாக்கியோடு கேட் பக்கம் போய்விட்டார்.

ஏறாதே என்றால் ரயில் பைத்தியம் கேட்குமா? டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவது எங்கள் ஜாதிக்கே இழுக்கு.

பத்து என்ஜின்கள் வரிசையாக நின்றன. லேசான தூறல். டீசலை வடித்துவிட்டிருந்தார்கள். எல்லாக் கதவுகளையும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். எட்டாவது மட்டும் திறந்திருந்தது. தொழில் புத்தி விடுமா? கீழே குனிந்து அதன் பேட்டரிப் பெட்டியைப் பார்த்தேன். காலி. கேபிள்களை வெட்டி எடுத்திருந்தார்கள். என் கையளவு தடித்த முனைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

ஹாரன் கீழேயே நின்றுகொண்டார். காதில் ஹெட்போன், கையில் மைக். மழையில் நனையும் என்ஜின்களின் சத்தத்தைப் பதிவு செய்யப் போகிறாராம். தம்பியும் நானும் ஏறினோம்.

ஏறும்போது பிடித்த இரும்புக் கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க வெயிலே அடிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உள்ளே எங்கும் தூசி. உதவியாளர் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு. ஆனால் டிரைவர் சீட்டில் துளித் தூசி இல்லை. மெத்தை நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலே எழும்பியது... யாரோ இப்போதுதான் எழுந்த மாதிரி.

"பழைய ஸ்பாஞ்சு. மழைக்கு உப்புது," என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டாகத்தான் பட்டது.

தம்பி உட்கார்ந்தான். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் மணி 6:31.

பீப்.

நான் திரும்புவதற்குள் அவன் இடது கை போய்விட்டது. அழுத்திவிட்டான்.

"பழக்கதோஷம்ணா," என்று சிரித்தான். அப்புறம் அவன் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கரண்டு ஏதுண்ணா?"

"இல்ல. பேட்டரியே இல்ல."

முட்டி போட்டு, பட்டன் இருந்த மேடைக்கு அடியில் டார்ச் அடித்தேன். அலாரப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள்தான் இருந்தன. பெட்டியையே கழற்றியிருந்தார்கள். மேலே பட்டன் மட்டும், ஒரு வயரும் இல்லாமல், சட்டைப் பொத்தான் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து ஹாரன் கத்தினார்.

"டேய்! ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாடா?"

"எதண்ணே?"

"இது ஓடுதுடா! ஹெட்போன்ல நல்லாக் கேக்குது. லோடு இழுக்குற சத்தம்டா இது!"

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தூறல் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

பீப்.

அழுத்தினான்.

"எந்திரிடா. போலாம்."

"இருண்ணா."

"எந்திரிங்கறேன்ல!"

"அழுத்தலைன்னா நின்னுடும்ணா."

"நின்னுக்கிட்டுதானேடா இருக்கு!"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் ஏழாவது என்ஜினின் முதுகுதான் இருந்தது. கை நீட்டினால் தொடலாம். ஆனால் அவன் கண்கள் இடதும் வலதுமாக ஓடின. ஓடும் வண்டியிலிருந்து வெளியே பார்க்கிறவனுக்கு ஓடுமே... அப்படி.

"இல்லண்ணா," என்றான் மெதுவாக. "நல்லா ஓடிட்டிருக்கு. பின்னாடி அம்பது வேகன் இருக்கு. நான் எப்படிண்ணா விட்டுட்டு வர்றது?"

பிணவறையில் வராத பயம், என் கூடப்பிறந்தவன் முகத்தைப் பார்த்து வந்தது. இவனை இங்கே விட்டுவிட்டு அம்மா முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

பீப்.

அழுத்தினான்.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். நோஞ்சான் பையன். அசையவில்லை. கல்லாய்க் கனத்தான்.

"அண்ணே! மேல வாங்கண்ணே! இவனைப் பிடிங்க!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாரன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

"அட பாவி மனுசா..."

பட்டன்மேல் இருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐஸ் மாதிரி இருந்தன.

பீப்.

அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பீப்... பீப்...

"விடுண்ணா! விடு! ஐயோ, நிக்கப் போவுது!"

பீப். பீப். பீப். பீப்.

பளாரென்று ஒன்று வைத்தேன். பிடி தளர்ந்தது. கதவு வழியாக இருவரும் உருண்டோம். முழங்கை கிழிந்தது. விழுந்தது ஜல்லியில்.

மேலே சத்தம் நிற்கவில்லை. ஒரே நீளமாக...

பீஈஈஈஈ...

யாரும் அழுத்தவில்லை.

ஸ்ஸ்ஸ்ஸ்...

காற்று இறங்கும் சத்தம். சக்கரத்தில் பிரேக் கட்டைகள் மோதும் சத்தம்.

டொக்.

அப்புறம் தூறல் மட்டும்.

தம்பியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். கேட் அருகே ஹாரன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் வாக்கிடாக்கியைக் காதருகே பிடித்தபடி பேயறைந்தது போல நின்றார். எங்களை வெளியே விட்டுப் பூட்டினார்.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். தம்பிக்கு அனலாகக் காய்ச்சல். உள் அறையில் அம்மா ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, குரலை அடக்கிக்கொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன்.

"மேல ஏறாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேப்பா," என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

எட்டாவது என்ஜினில் ஒரு டிரைவர் செத்திருக்கிறார். உதவியாளர்கூட இல்லாமல் தனியாளாக சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர். டூட்டி நேரம் முடிந்த பிறகும் அவரை இறக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது, மாற்று ஆள் அனுப்புங்கள் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாக்கிடாக்கியில் கெஞ்சியிருக்கிறார். வரும், வரும் என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் வண்டி தானாக நின்றிருக்கிறது. ஏறிப் பார்த்தால், சீட்டில் உட்கார்ந்தபடியே உடம்பு விறைத்துப்போயிருந்தது.

"உயிர் போயி ரெண்டு மணி நேரம் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா வண்டி நிக்குற வரைக்கும் ஒரு பீப்பு விடாம அந்தக் கை பட்டனை அழுத்தியிருக்குப்பா. மெஷின்ல பதிவாகியிருந்துச்சு. அப்புறம் அந்த என்ஜினை ஓட்ட ஒருத்தனும் ஒத்துக்கல. அலாரத்தைக் கழட்டி எறிஞ்சதே நான்தான்."

"நேத்து அந்த சத்தம்?"

"பிரேக் பிடிக்கக் காத்தே இல்லாத என்ஜின். காலைல போய்ப் பார்த்தா பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விட்டு நிக்குது."

எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். சொல்ல இன்னும் ஏதோ இருந்தது.

"சொல்லுங்க."

"நேத்து ஆறரை மணி இருக்கும். வாக்கிடாக்கில ஒரு குரல் வந்துச்சு. நான் மட்டுமில்ல, ஷெட்ல எல்லாரும் கேட்டாங்க. வயசான குரல். ரொம்ப நிம்மதியா..."

"என்ன சொல்லுச்சு?"

"மாத்து ஆள் ஏறிட்டாரு. நான் இறங்குறேன்... அவ்ளோதான்."

அம்மா துணியை நனைக்க வெளியே வந்தாள். கதவு திறந்திருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்த தம்பி, எங்கள் பக்கம் திரும்பாமலே என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா..."

"என்னடா?"

"என்னை மாத்த ஆள் எப்பண்ணா வரும்?"