சந்திரவிலாஸில் ஒளித்து வைத்த வெளிச்சம்

ஜெமிமாவுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பிளஸ் டூ முடித்ததும் அம்மா நர்ஸிங் படிக்கச் சொன்னாள், இவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பில் சேர்ந்தாள். கூடப் படித்த ரூபஸையே கட்டிக்கொண்டாள். இப்போது இருவரும் திருத்தணியில் விசேஷங்களுக்கு லைட் போடுகிறார்கள். ஏணியில் ஏறுவது ஜெமிமா. கீழே பிடித்துக்கொண்டு பயப்படுவது ரூபஸ்.

போன தை மாதம் அம்மையார்குப்பத்து நெசவாளி சிங்காரத்தின் மகள் கவிப்பிரியாவுக்குச் சந்திரவிலாஸில் ரிசப்ஷன். ஊமைப் படங்கள் ஓடின காலத்தில் கட்டிய தியேட்டர் அது. இப்போது கல்யாண மண்டபம். திரை இருந்த இடத்தில் மேடை. அதற்கு முன்னால், ஆர்மோனியமும் தபலாவும் உட்கார்ந்து படத்துக்கு வாசித்த பள்ளம். அதைப் பலகை போட்டு மூடி, மேலே ஐஸ்கிரீம் ஸ்டால் வைப்பார்கள்.

மத்தியானமே ஜெமிமா பெரிய ஃபோக்கஸ் லைட்டுகளை மேடைப் பக்கம் திருப்பி எரியவிட்டாள். மேடையில் நின்ற கவிப்பிரியா முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, கண்ணு கூசுது. போட்டோல நான் அழுதுகினு இருக்கிற மாதிரி வருது."

லைட்டை இன்னும் உயரமாகக் கட்டிப் பார்க்கலாம் என்று ஜெமிமா ஏணியில் ஏறினாள். சுவரும் கூரையும் சேருமிடத்தில் சுண்ணாம்புச் சுதையில் செய்த அகலமான விளிம்பு ஒன்று மண்டபத்தைச் சுற்றி ஓடியது. கீழிருந்து பார்த்தால் வெறும் அலங்காரம். மேலே போனால் உள்ளே குழிவு. புறா எச்சத்துக்கு நடுவே வரிசையாகப் பழைய பீங்கான் பல்பு ஹோல்டர்கள், எல்லாம் கூரையைப் பார்த்தபடி.

ஜெமிமா ஏணியிலேயே நின்று சிரித்துவிட்டாள். விளக்கு யார் கண்ணிலும் படக்கூடாது, வெளிச்சம் மட்டும் கூரையில் பட்டு இறங்கணும்! ஊரில் கரண்டு இல்லாதபோதே, ஆயில் இன்ஜின் ஓட்டி இப்படி எரித்திருக்கிறார்கள்.

"இன்னாடி, பாம்பு கீதா?" என்றார் ரூபஸ்.

"பாம்பு இல்ல. எல்.இ.டி. ஸ்ட்ரிப் எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க."

மண்டபத்துக்காரர் தணிகைமணி ஓடிவந்தார். "இன்னாம்மா, லைட்டை ஒளிச்சு வச்சுகினு கீறே? லைட்டு போட்டா தெரிய வேணாவா?"

"வெளிச்சம் தெரியும் சார். புடிக்கலைன்னா பழையபடி கட்டிடறேன்."

சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டாள். கூரை முழுக்க மயில்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்து மறைந்துபோயிருந்த சுதை மயில்கள், சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் தோகையின் ஒவ்வொரு கண்ணும் தெரிய எழும்பி நின்றன.

"ஆங்... மயிலா?" தணிகைமணி அண்ணாந்த தலையை இறக்கவே இல்லை. "பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன்."

மாப்பிள்ளை வீட்டாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்க, போட்டோகிராபர் கத்தினார்: "எல்லாரும் இங்க பாருங்க!"

சிங்காரம் மட்டும் மகளின் புடவையைப் பார்த்தார். அவரே நெய்த ஊதா. மத்தியானம் அந்த வெள்ளை வெளிச்சத்தில் சாயம்போனதுபோல் இருந்ததே என்று மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தவர், ஜெமிமாவிடம் வந்தார்.

"தறியில இருந்த கலரு இதாம்மா" என்றார்.

ஸ்ட்ரிப்புகளைக் கழற்றத் தணிகைமணி விடவில்லை. ஈஸ்டருக்குச் சர்ச்சில் லைட் போடக் கூப்பிட்டபோது, ஜெமிமா முதலில் ஏணியில் ஏறி விளிம்பைத் தேடினாள். ஓட்டுக்கூரை, ஒன்றும் இல்லை. கொஞ்சம் முகம் வாடினாள். அப்புறம், அட்டையிலேயே ஒரு விளிம்பு செய்துவிடலாம் என்று ரூபஸை அட்டை வாங்கக் கடைக்கு அனுப்பினாள்.