இஸ்திரிப் பெட்டி வழக்கு

“பெட்டி என்னுது, தூக்கிட்டுப் போனவன் என் கொழுந்தன். நடுவுல அரசாங்கத்துக்கு என்ன சார் வேலை?” என்று வக்கீலிடம் பாய்ந்தாள் இஸ்திரிக்கடை அக்கா.

கோபத்தில் போலீசில் புகார் கொடுத்தவளும் அவள்தான். நாலு திட்டு வாங்கிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தாள். போலீஸோ அவன்மேல் வழக்குப் போட்டு, பெட்டியைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டது. இப்போது அவன் ஜெயிலுக்குப் போய்விடுவானோ என்று வக்கீலைத் தேடி ஓடிவந்திருந்தாள்.

“திருட்டுக் கேஸை நடத்துறது அரசாங்கம்மா. நீங்க நினைச்சா நிறுத்த முடியாது. சமாதானமாப் போறதுன்னாலும் ஜட்ஜ் ஒத்துக்கணும்” என்றார் வக்கீல்.

கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டார்: “யாராவது மிரட்டி உங்களைச் சமாதானத்துக்குச் சம்மதிக்க வெச்சாங்களா?”

“இவனா? என்னையா? நான் முறைச்சாலே கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான்யா!”

“ஆமாங்கய்யா, அண்ணி சொல்றது நெசம்” என்றான் கூண்டில் நின்றவன்.

ஜட்ஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டு வழக்கை முடித்தார்.

பெட்டி கைக்கு வர இன்னும் நாளாகுமாம். அதுவரை கடையைப் பூட்டவா முடியும்? திரும்பும் வழியிலேயே புதுசு ஒன்று வாங்கி, கொழுந்தன் தோளிலேயே ஏற்றிவிட்டு நிம்மதியாக நடந்தாள். விலை எண்ணூற்றைம்பது ரூபாய்; கொடுத்ததும் அவளேதான்.