கேப்டனை மூட்டை அடுக்கில் போட்ட கதை

1. புது வேலை

கிடங்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் நாலு மூட்டை தூக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில், எங்கள் ஊர் காஜா பேராங் அரிசிக் கிடங்கில், அங்கே மேலதிகாரியாக இருந்த ஜப்பான் கேப்டனையே நான் தூக்கியிருக்கிறேன். அதுவும் தினமும். நம்பாதவர்கள் போய் வேலையைப் பார்க்கலாம்.

ஒரு நாள் காலை, கிடங்குக் கணக்கெழுதும் கிராணி செல்லையா ஓடிவந்தார். அவருக்குக் கொஞ்சம் ஜப்பான் பேச்சு தெரியும். கேப்டன் சொல்வதை எங்களுக்குச் சொல்வது அவர்தான்.

“கோவிந்தா, கேப்டன் ஒன்னய கூப்பிடுறாரு.”

“ஐயையோ, நான் என்னா செஞ்சேன் கிராணியாரே?”

“ஒன்னும் செய்யல லா. அவரு ஊரு மலையில பனி கொட்டிக் கெடக்குமாம். கால்ல ரெண்டு நீளப் பலகையக் கட்டிக்கிட்டு, மேட்டுலருந்து சறுக்கிவந்து ஆகாசத்துல பறப்பாராம். அதுல சாம்பியனாம். பழக்கம் விட்டுப்போவக் கூடாதாம். இவரு பறக்கணும், நீ புடிக்கணும்.”

“பைத்தியமா?”

“மெதுவாப் பேசுய்யா!”

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; போனவர்கள் திரும்புவது அபூர்வம். என் மனைவி சரசுவுக்கு ஏழு மாதம். கிராணி என் காதோடு சொன்னார்: “கேப்டனுக்கு வேண்டிய ஆளுன்னா சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க. கெட்டியாப் புடிச்சுக்க.”

கெட்டியாகத்தான் பிடித்தேன். கேப்டன் தள்ளுவண்டியில் குந்தியிருப்பார். இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவருவார்கள். என் முன்னால் வந்ததும் எம்பிக் குதிப்பார். இடுப்பில் கை கொடுத்து, என் தலைக்கு மேல் அவரை நிறுத்த வேண்டும். அவர் விறைப்பாக முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் காற்றாடி மாதிரி சுற்றுவார். மூன்று எண்ணி இறக்கிவிட வேண்டும். பகலில் எங்களை அறைகிற ஆள், காலையில் என் கையில் தொங்குவார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்தான்.

2. கைப் பழக்கம்

ஒரு நாள் விடிவதற்கு முன்பே லாரி வந்துவிட்டது. எண்பது மூட்டை இறக்கி முடித்த கையோடு கேப்டனைப் பிடிக்க நின்றேன். பாரம் மேலே வந்தால் குனிந்து, திரும்பி, அடுக்கில் போடுவது எங்கள் பழக்கம். கேப்டன் வந்தார். பிடித்தேன், குனிந்தேன், திரும்பினேன், அடுக்கின் மேல் போட்டேன். அடுத்த மூட்டைக்குக் கை நீட்டியபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

மூட்டைகளின் மேல் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன. ‘சரசு, நான் செத்தேன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கேப்டன் இறங்கிவந்து இரண்டு கன்னத்திலும் அறைந்தார். பிறகு அடுக்கை அண்ணாந்து பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

“அங்கருந்து எறங்கறப்ப ஊரு ஞாபகம் வந்துருச்சாம்டா! நாளையிலருந்து அடுக்கு மேலருந்துதான் குதிப்பாராம். நீ கீழ நிக்கணும்.”

கன்னமும் எரிந்தது, சிரிப்பும் வந்தது.

3. பட்டியல்

அடுத்த வாரம் ஒரு அதிகாரி சயாமுக்கு அனுப்பும் ஆட்களின் பட்டியலோடு வந்தார். எங்கள் கிடங்கில் மூன்று பெயர். இரண்டாவது என்னுடையது. கேப்டன் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த அதிகாரியிடம் கத்தினார். அதிகாரி என் பெயரை அடித்துவிட்டார்.

“என்னா சொன்னாரு?” என்று கிராணியிடம் கேட்டேன்.

“நான் வந்து எறங்குற பனியே இந்த ஆளுதான், இவன அனுப்பிட்டா நான் எங்க எறங்குறதுன்னு கேட்டாரு.”

மற்ற இருவரும் போனார்கள். ஒருவன் திரும்பவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

பிள்ளைகளே, மூட்டையோ மனிதனோ, கைக்கு வருவது என்னவென்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள். எனக்கு அது நன்றாகவே பதிந்துவிட்டது. சரசுவுக்குப் பெண் பிறந்தபோது மருத்துவச்சி குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

“என்னாங்க, புடிங்க!” என்றாள் சரசு.

“இரு புள்ள, இது மூட்டை இல்ல, காலை நல்லா ஊனிக்கிறேன்” என்றேன். அப்புறம்தான் மகளை வாங்கினேன்.